பழைய ட்ரக்கில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

ஏப்ரல் பிறந்தால் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்ரன் பக்கத்துத் தமிழ் கராச்சுகளில் வாகனம் விட இடமிருக்காது. குளிர்கால ரயர் கழற்ற வந்த கார்களோடு, கூரை வேலை, புல் வெட்டு, சீமெந்து வேலை, மரக்கறி விநியோகம் என்று ஓடுகிற பழைய பிக்கப்புகளும் வான்களும் வரிசையில் நிற்கும். உப்புத் தண்ணியிலும் குழி விழுந்த வீதியிலும் ஒரு பனிக்காலம் முழுக்க உழைத்த வாகனத்தை மேலே தூக்கி, சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்லுவார்: "அண்ணை, கீழ் போல் ஜொயின்ற் ஆட்டம் விட்டிட்டுது. ரை ரொட்டும் போட்டுது." உடனே எங்கட ஆக்களின் வாயில் வரும் முதல் கேள்வி: "எவ்வளவு வரும்? மலிவா ஏதும் கிடக்கோ தம்பி?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிக்கனம் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கனத்தால்தான் எங்களில் பலர் இந்த நாட்டில் வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். ஆனால் சிக்கனத்துக்கும் இடம் பொருள் ஏவல் உண்டு. ஸ்ரியறிங்கையும் சஸ்பென்ஷனையும் பொறுத்தவரை, "எது மலிவு?" என்று கேட்பது நட்டத்தில்தான் முடியும். அந்த நட்டம் காசாக வந்தால் தப்பினோம். உயிராக வந்தால் என்ன செய்வது?

பழைய ட்ரக் வைத்திருப்பது வெட்கமில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 15, 20 வருடம் பழைய ட்ரக்கை ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. இன்றைய புதிய பிக்கப்பின் விலையும் அதன் மாதக் கட்டணமும் ஒரு சிறு தொழிலின் லாபத்தை அப்படியே விழுங்கிவிடும். 2004ஆம் ஆண்டு ஷெவ்ரோலே சில்வராடோவோ, ஜி.எம்.சி. சியராவோ, ஃபோர்ட் எஃப் 150யோ, எஞ்சினும் கியர்பெட்டியும் நன்றாக இருந்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். அவற்றுக்கு உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும். திருத்தத் தெரிந்த கையும் எங்களிடையே நிறைய இருக்கிறது.

ஆனால் சாமான் வாங்குவதற்கு முதல் பார்க்க வேண்டியது சட்டகத்தை, அதாவது ஃபிரேமை. ஒன்ராறியோவில் ட்ரக்கைக் கொல்லுவது எஞ்சின் இல்லை, கறள்தான். வீதியில் கொட்டுகிற உப்பு சட்டகத்தின் உள்பக்கமாகத் தின்னும். வெளியில் கறுப்புப் பூச்சு பளபளக்கும், உள்ளே அப்பளம் மாதிரி இருக்கும். பின்பக்க லீஃப் ஸ்பிறிங் தொங்குகிற இடங்கள், முன் கொன்ட்ரோல் ஆர்ம் பூட்டியிருக்கும் இடங்கள், எரிபொருள் தாங்கியின் பட்டிகள், பிரேக் குழாய்கள் இவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

இது மலிவு வாகனங்களுக்கு மட்டும் வருகிற வருத்தம் இல்லை. பெயர் பெற்ற டொயோட்டாவே டகோமா, டன்ட்ரா, செக்கோயா வாகனங்களின் சட்டகக் கறள் தொடர்பாக அமெரிக்காவில் போடப்பட்ட கூட்டு வழக்கை 2016இல் பெரும் தொகைக்கு இணங்கி முடித்துக்கொண்டது. ஆகவே சட்டகம் போன ட்ரக்குக்கு உலகத்திலேயே திறமான போல் ஜொயின்ற் பூட்டினாலும் அது உக்கின மரத்தில் தங்க ஆணி அடித்த கதைதான். அப்படியென்றால் திருத்தாதீர்கள், விட்டுவிடுங்கள். சட்டகம் நன்றாக இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

ஊரில் பழகின கை

எங்கட ஆக்களிடம் ஒரு பெருமை இருக்கிறது. நியாயமான பெருமைதான். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் ஓடின. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சாமான் வராது, ஆனாலும் வாகனம் நிற்கவில்லை. லேத் பட்டறையில் புஷ் கடைந்தார்கள், வேறு வாகனத்தின் சாமானை வெட்டிப் பொருத்தினார்கள், தேய்ந்ததற்கு உலோகம் ஊட்டித் திரும்பக் கடைந்தார்கள். அந்தக் கைவண்ணத்துக்குத் தலை வணங்க வேண்டும்.

ஆனால் அது இல்லாமையில் பிறந்த கலை. அந்த வாகனங்கள் குண்டும் குழியுமான வீதியில் சைக்கிள்களுக்கு நடுவே மெல்லமாக ஊர்ந்தன. இங்கே 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல், பின்னால் ஒரு ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு, வலப்பக்கம் ஒரு 18 சில்லு லொறி, இடப்பக்கம் பிள்ளைகளோடு போகிற ஒரு குடும்பம். ஊரில் ரை ரொட் கழன்றால் வேலியில் போய் நிற்கும். இங்கே கழன்றால் எங்கே போய் நிற்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அங்கே கிடைத்ததைப் பூட்டினோம், ஏனென்றால் வேறு கிடைக்கவில்லை. இங்கே எல்லாம் கிடைக்கிறது. கிடைக்கிற இடத்தில் கிடைக்காத காலத்துப் புத்தியை வைத்துக்கொண்டிருப்பது அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கே அவமரியாதை. நல்ல சாமான் கிடைத்திருந்தால் அவர்கள் அதைத்தான் பூட்டியிருப்பார்கள்.

எல்லாச் சாமானும் ஒன்றில்லை

கராச்சில் ஒரு பட்டியல் தருவார்கள். போல் ஜொயின்ற், ரை ரொட், கொன்ட்ரோல் ஆர்ம், ஷொக், ஸ்வே பார் லிங்க், புஷிங் என்று பத்துப் பெயர் இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்ததும் தலை சுற்றும். பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, எல்லாவற்றையும் மலிவில் போடச் சொல்லுவோம். இங்கேதான் பிழைக்கிறோம். பட்டியலை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது கூட்டம்: உடைந்தால் வாகனம் உங்கள் கையை விட்டுப் போய்விடும் சாமான்கள். கீழ் போல் ஜொயின்ற், மேல் போல் ஜொயின்ற், உள் ரை ரொட், வெளி ரை ரொட், ஸ்ரியறிங் பெட்டியோடு வருகிற ட்ரக்குகளில் பிற்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம். போல் ஜொயின்ற் என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டை. எங்கட தோள் மூட்டு மாதிரி. கிண்ணம் தேய்ந்தால் முதலில் ஆட்டம் வரும், பிறகு சத்தம் வரும், கடைசியில் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வரும். வந்தால் சில்லு மடிந்து வாகனம் அந்தப் பக்கமாக நிலத்தில் குந்தும். ரை ரொட் கழன்றால் ஸ்ரியறிங் ஒரு பக்கமும் அந்தச் சில்லு இன்னொரு பக்கமும் போகும். இந்தக் கூட்டத்தில் ஒரு சதமும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது கூட்டம்: கொன்ட்ரோல் ஆர்ம், சில்லுப் பெயரிங், ஸ்பிறிங். இவை பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுத்தான் போகும். ஆனாலும் பாரம் தாங்குகிற சாமான்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் நல்ல தரத்தைப் போடுங்கள்.

மூன்றாவது கூட்டம்: ஸ்வே பார் லிங்க், அதன் புஷிங்குகள், ஷொக். ஸ்வே பார் லிங்க் உடைந்தால் கடகடவென்று சத்தம் வரும், வளைவில் வாகனம் கொஞ்சம் சரியும். உடனே மாற்ற வேண்டும், ஆனால் அங்கே நடுத்தர விலைச் சாமான் போதும். ஷொக்கில் முழு மலிவு வேண்டாம், ஏனென்றால் தேய்ந்த ஷொக் பிரேக் பிடிக்கும் தூரத்தைக் கூட்டும், ரயரைக் குழி குழியாகத் தின்னும். ஆனால் பந்தய வாகனத்துக்குச் செய்த விலையுயர்ந்த ஷொக்கும் புல் வெட்டப் போகிற ட்ரக்குக்குத் தேவையில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இந்தக் கூட்டத்தில் பிடியுங்கள்.

பெட்டியில் உள்ள பெயர் மட்டும் போதாது

"டீலரிட்ட வாங்கினால்தான் அசல், மிச்சமெல்லாம் டூப்ளிகேற்" என்று சிலர். "டீலர் கொள்ளை அடிக்கிறான், எல்லாம் ஒரே தொழிற்சாலைதான்" என்று சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

வாகன நிறுவனங்கள் பெரும்பாலான போல் ஜொயின்ற்றுகளையும் ரை ரொட்டுகளையும் தாங்களே செய்வதில்லை. வழங்குனர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகின்றன. அதே வழங்குனர்களில் சிலர் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள். ஜேர்மனியின் லெம்ஃபோர்டர், ஜப்பானின் 555, கொரியாவின் சி.டி.ஆர். போன்ற பெயர்கள் அப்படித்தான் மெக்கானிக்குகளிடையே மதிப்புப் பெற்றன. வட அமெரிக்க ட்ரக்குகளுக்கு மூக், எங்கட ரொறன்ரோவிலேயே தலைமையகம் உள்ள மெவோடெக் என்பவை கடைகளில் அதிகம் காண்கிற பெயர்கள். ஃபோர்டுக்கு மோட்டோகிராஃப்ற், ஜி.எம். வாகனத்துக்கு ஏ.சி.டெல்கோ, ராமுக்கு மோப்பார் என்று நிறுவனத்தின் சொந்தப் பெயரிலும் உண்டு.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் இது: ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு மூன்று தரங்கள் இருக்கின்றன. ஏ.சி.டெல்கோவில் கோல்ட், சில்வர் என்று உண்டு. மெவோடெக்கில் கடும் உழைப்புக்கென்று டி.டி.எக்ஸ். என்று ஒன்று, அதற்குக் கீழே வேறு வரிசைகள். மற்றவர்களும் இப்படித்தான். ஆகவே "நான் நல்ல பிராண்ட்தான் போட்டனான்" என்று மெக்கானிக் சொன்னால் அது அரைப் பதில். எந்த வரிசை, எந்த சாமான் இலக்கம் என்று கேட்டால்தான் முழுப் பதில்.

"சைனா சாமான், கூடாது" என்பதும் சோம்பேறித்தனமான அளவுகோல். நல்ல நிறுவனங்களும் சீனாவிலும் தாய்வானிலும் செய்விக்கின்றன, கூடாத சாமான் எந்த நாட்டிலும் செய்யலாம். எந்த நாடு என்பதைவிட, யார் அதற்குப் பொறுப்பு நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பெயரே கேள்விப்படாத விற்பனையாளர், பாதி விலை, இணையத்தில் நாலு கொன்ட்ரோல் ஆர்மும் ரை ரொட்டும் சேர்த்து ஒரே பெட்டியில் பத்துத் துண்டு என்று விற்கிறார் என்றால், உடைந்த அன்றைக்கு அவரை எங்கே தேடுவீர்கள்? இன்னொரு தொல்லை, நல்ல நிறுவனத்தின் பெட்டியைப் போலவே அச்சடித்து வருகிற போலி. கடைசி இலக்கம் வரைக்கும் சரியாக இருக்கும், உள்ளே இருக்கிற இரும்பு மட்டும் வேறு. முதல் கூட்டத்துச் சாமானை நேரில் போய்க் கேட்கக்கூடிய ஒரு கடையில் வாங்குவதே புத்தி.

கையில் எடுத்தும் பாருங்கள். கிறீஸ் நிற்கிற இறப்பர் உறை தடிப்பாக, வாய் இறுக்கமாக இருக்கிறதா? அந்த உறை கிழிந்தால் உப்புத் தண்ணி உள்ளே போகும், அதோடு அந்த மூட்டின் ஆயுள் முடிந்தது. கிறீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ளதா? உள்ளது என்றால் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அந்த நிப்பிள் இருந்தும் பிரயோசனம் இல்லை. அடிக்க மாட்டீர்கள் என்றால் நல்ல தரத்தில் மூடி வருகிறதை வாங்குவதே மேல்.

நிறுவனத்தின் அசலும் பிழைக்கலாம்

டீலர் பெட்டி என்றால் கண்ணை மூடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2005இல் டொயோட்டா, 2001 முதல் 2004 வரையான டகோமா உட்படப் பெரும் எண்ணிக்கையான வாகனங்களை முன் கீழ் போல் ஜொயின்ற் பிரச்சினைக்காகத் திருப்பி அழைத்தது. அந்தக் கால டகோமாவில் அந்த மூட்டின் அமைப்பே ஒரு மாதிரி. வாகனத்தின் பாரம் உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்தாமல் வெளியே இழுக்கும். அதனால்தான் அந்த ட்ரக்கைத் தெரிந்த மெக்கானிக்குகள் அந்த ஒரு சாமானில் மட்டும் டொயோட்டா அசலைத் தவிர வேறொன்றையும் தொட மாட்டார்கள், அதையும் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்லுவார்கள்.

ராம் பெரிய ட்ரக்குகளின் கதையும் இருக்கிறது. ரை ரொட் உடைவது தொடர்பான திருப்பி அழைப்புகளைச் சரியாகக் கையாளவில்லை என்பது உட்படப் பல குறைகளுக்காக 2015இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனத்தின் மீது 105 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது.

இதிலிருந்து ஒரு பாடம். காசு செலவழிப்பதற்கு முதல் உங்கள் ட்ரக்கின் 17 எழுத்து வின் இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். கனடா போக்குவரத்து அமைச்சின் தளத்திலும் வாகன வகையைக் கொடுத்துத் திருப்பி அழைப்புகளைத் தேடலாம். உங்கள் வாகனத்தில் முந்தின சொந்தக்காரர் செய்விக்காமல் விட்ட வேலை ஒன்று இருக்கலாம். வழக்கமாக அதை இலவசமாகவே செய்து தருவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பாவின் ட்ரக்குக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். ஐந்து நிமிட வேலை.

ஆயுள் உத்தரவாதம் என்ற மாயம்

மலிவுச் சாமானை விற்கிறவர்களின் பெரிய ஆயுதம் ஆயுள் உத்தரவாதம். "உடைஞ்சா கொண்டு வாங்கோ, புதுசு தருவம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் தருவது சாமானை மட்டும். கழற்றிப் பூட்டும் கூலி? அலைன்மென்ற்? வேலை நின்ற நாளின் வருமானம்?

கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்கு மலிவு ரை ரொட் 30 டொலர், நல்லது 75 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 100, அலைன்மென்ற் 120. மலிவைப் போட்டால் 250, நல்லதைப் போட்டால் 295. வித்தியாசம் 45 டொலர். மலிவு ஒரு வருடத்தில் ஆட்டம் விட்டு, சாமான் இலவசமாகவே வந்தாலும், திரும்பக் கூலியும் அலைன்மென்ற்றும் 220. மொத்தம் 470. அதற்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.டி. வரி. 45 டொலரை மிச்சம் பிடிக்கப் போய் 175 டொலர் கூடக் கொடுத்தாயிற்று. இதற்குள் தின்னப்பட்ட முன் ரயர்களின் விலையைச் சேர்க்கவேயில்லை. ஒரு நாள் வேலை போனதையும் சேர்த்தால் சொல்லி வேலையில்லை.

மலிவு என்பது சாமானின் விலை இல்லை. அந்த வேலையை எத்தனை தரம் செய்கிறோம் என்பதுதான் விலை.

பூட்டுகிற கையும் பாதிச் சாமான்

நல்ல சாமானைக் கூடாத கை கெடுக்கும். ஆகவே கேட்கத் தெரிய வேண்டும்.

முதலில், உண்மையாகவே போய்விட்டதா? ரை ரொட்டைச் சோதிக்கிற நேரான வழி, சில்லு நிலத்தில் நிற்க ஒருவர் ஸ்ரியறிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து மூட்டில் கை வைத்துப் பார்ப்பது. போல் ஜொயின்ற்றைச் சோதிப்பது வேறு. ஸ்பிறிங்கோ டோர்ஷன் பாரோ கீழ் ஆர்மில் தாங்கினால், ஜாக்கைக் கீழ் ஆர்முக்குக் கீழே வைத்துத்தான் தூக்க வேண்டும். சட்டகத்தில் வைத்துத் தூக்கினால் ஸ்பிறிங்கின் இழுப்பு ஆட்டத்தை மறைத்துவிடும், போன மூட்டு நல்லது போலத் தெரியும். உங்களையும் கூப்பிட்டு ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். சத்தம் எல்லாம் போல் ஜொயின்ற் இல்லை. ஜி.எம். ட்ரக்குகளில் ஸ்ரியறிங் தண்டின் இடை மூட்டே டக் டக் என்று அடிக்கும். காரணம் பிடிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறவருக்கு உங்கள் காசுதான் பரிசோதனைக் கூடம்.

இரண்டாவது, கறள் பிடித்த ட்ரக்கில் போல் ஜொயின்ற்றை மட்டும் அழுத்தி எடுத்துப் பூட்டுகிற நேரத்துக்கு, போல் ஜொயின்ற்றும் புஷிங்கும் சேர்ந்து வருகிற முழுக் கொன்ட்ரோல் ஆர்மை மாற்றுவது சில வேளை மொத்தத்தில் மலிவாக முடியும். இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

மூன்றாவது, இறப்பர் புஷிங் உள்ள ஆர்மின் போல்ட்டுகளை வாகனம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வழக்கமாக நிற்கும் உயரத்தில் பாரம் ஏறிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது இறப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு சாமானைத்தான் குறை சொல்லுவோம்.

நாலாவது, போல் ஜொயின்ற்றின் முடி வைத்த நட்டை அளவுக்கு இறுக்கிய பிறகு பிளவுக் கம்பி போடும் ஓட்டை நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தக் கம்பி இல்லாத வாகனத்தில் எங்கட பிள்ளைகளை ஏற்றுவோமா?

கடைசியாக, ரை ரொட்டோ கொன்ட்ரோல் ஆர்மோ மாற்றினால் அலைன்மென்ற் கட்டாயம். "கண்ணால பாத்து நேராக்கிட்டன் அண்ணை" என்பது அடுத்த கராச் வரைக்கும் ஓடிப்போகத்தான். டோர்ஷன் பார் உள்ள ட்ரக்கில் முன்பக்க உயரத்தைச் சரியாக்கின பிறகு அலைன்மென்ற் செய்ய வேண்டும். அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, கேட்டால்

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனத் திருத்தத்துக்கு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி பில் போட முடியாது. கழற்றிய பழைய சாமானை நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு சாமானும் வாகன நிறுவனத்தின் அசலா, வேறு நிறுவனத்தின் புதியதா, பாவித்ததா, புதுப்பித்ததா என்று பில்லில் எழுத வேண்டும். புதிய அல்லது புதுப்பித்த சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

ஆனால் இது சொந்தப் பாவனை வாகனத்துக்கு. தொழிலுக்கு ஓடும் ட்ரக் என்றால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் இல்லை. எங்களில் பலருக்கு இது தெரியாது. அதனால் தொழில் வாகனக்காரர்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "எங்கட ஆள்தானே, வாயால சொன்னாப் போதும்" என்பது நட்பும் போய் காசும் போகிற வழி.

தொழில் வாகனத்துக்குப் பொறுப்பும் கூட. 4,500 கிலோவுக்கு மேற்பட்ட தொழில் வாகனத்துக்கு வருடாந்தப் பரிசோதனையும் சி.வி.ஓ.ஆர். பதிவும் ஒவ்வொரு நாளும் ஓட முதல் சுற்றிப் பார்க்கும் கடமையும் உண்டு. ட்ரக் சின்னதாக இருந்தாலும், இழுக்கிற ட்ரெய்லரும் அதிலுள்ள பாரமும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டலாம் என்பதைப் புல் வெட்டுகிற, குப்பை ஏற்றுகிற ஆக்கள் கவனிக்க வேண்டும். தொழில் வாகனத்தில் இருந்து வீதியில் சில்லு கழன்றால் 50,000 டொலர் வரை தண்டம் போட இங்கே சட்டம் இருக்கிறது. "நான் கவனமாத்தான் இருந்தனான்" என்ற பதில் அந்தச் சட்டத்தின் முன் எடுபடாது.

பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது எல்லாரும் சொல்கிற சேஃப்டி, 36 நாளுக்குத்தான் செல்லும். பரிசோதித்த அன்று வாகனம் ஆகக் குறைந்த தரத்தை எட்டியது என்பதுதான் அதன் அர்த்தம். இனி வருகிற ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. தெரிந்த ஒருவரிடம் "எப்படியாவது பாஸ் பண்ணித் தாங்கோ" என்று கேட்கிற பழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும். அந்த ட்ரக்கை வாங்கப் போவது பெரும்பாலும் இங்கே புதிதாக வந்திறங்கின, முதல் தொழில் தொடங்குகிற எங்கட பிள்ளையொன்றுதான். ஆட்டம் விட்ட போல் ஜொயின்ற்றோடு அவனுக்கு விற்றுவிட்டு, வார இறுதியில் ஊர்ச் சங்க ஒன்றுகூடலில் ஒற்றுமை பற்றிப் பேசி என்ன பயன்?

இரண்டு பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்

தமிழ் கராச் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மலிவுச் சாமான் பூட்டுவது உங்கள் பேராசையால் இல்லை, நாங்கள் கேட்பதால்தான் என்பது உண்மை. வாடிக்கையாளர் அடுத்த தெருக் கராச்சுக்கு 20 டொலர் குறைவுக்காகப் போய்விடுவார் என்ற பயமும் உண்மை. ஆனாலும் நல்லது, நடுத்தரம் என்று இரண்டு விலை எழுதிக் கொடுங்கள். பெயரையும் வரிசையையும் சாமான் இலக்கத்தையும் பில்லில் எழுதுங்கள். முதல் கூட்டத்துச் சாமானில் "இதுக்குக் கீழ நான் பூட்ட மாட்டன்" என்று ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு போட்டவரிடம்தான் நாங்கள் மனைவியின் வாகனத்தையும் கொண்டு வருவோம். நாலு வாடிக்கையாளர் போவார்கள், பத்துப் பேர் வருவார்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. மெக்கானிக்கின் நேரத்துக்குக் காசு கொடுக்கப் பழகுங்கள். கறள் பிடித்த போல்ட்டோடு இரண்டு மணித்தியாலம் போராடுகிற மனிதனிடம் "சாமான் இன்ரநெற்றில அரை விலைக்குக் கிடக்கே" என்று போனைக் காட்டாதீர்கள். அந்த அரை விலைச் சாமானை நீங்களே கொண்டு வந்து பூட்டச் சொன்னால், அது போகும்போது அவர் பொறுப்பெடுக்க மாட்டார். எடுக்கவும் தேவையில்லை.

அடுத்த முறை ட்ரக்கை மேலே தூக்கிப் பட்டியலைத் தந்தால், மொத்தத் தொகையில் பேரம் பேசாதீர்கள். சட்டகத்தைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூட்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். உடைந்தால் வண்டி கையை விட்டுப் போகும் சாமான்கள் எவை என்று கேட்டு, அவற்றுக்கு உங்கள் வசதிக்குட்பட்ட ஆகத் திறமானதைப் போடச் சொல்லுங்கள். அதற்குக் காசு காணாவிட்டால் ஸ்வே பார் லிங்க்கை அடுத்த மாதம் பாருங்கள், பின் ஷொக்கை அதற்கடுத்த மாதம் பாருங்கள். கீழ் போல் ஜொயின்ற் மட்டும் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காது.